கட்டிடம் இங்கே, வரைபடம் லண்டனில்: சார்ல்ஸ் கொரியாவின் 6,000 தாள்கள் ஏன் கடல் கடந்தன?

2013 மே மாதம் லண்டனில் ஒரு கண்காட்சி தொடங்கியது. ‘சார்ல்ஸ் கொரியா: இந்தியாவின் தலைசிறந்த கட்டிடக்கலைஞர்’ என்பது தலைப்பு. நடத்தியது ‘ரிபா’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் பிரிட்டிஷ் கட்டிடக்கலைஞர்களின் ராயல் இன்ஸ்டிட்யூட். கண்காட்சி செப்டம்பரில் முடிந்துவிட்டது. ஆனால் அங்கே வந்த காகிதங்கள் திரும்பவில்லை. திரும்புவதற்காக அவை போகவும் இல்லை. தன் வாழ்நாள் வேலையின் 6,000க்கும் மேற்பட்ட வரைபடங்களை கொரியாவே ரிபாவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில், 2015 ஜூன் 16 அன்று மும்பையில் அவர் காலமானார்.

கொரியா பெயர் தெரியாதவர்களுக்கும் அவருடைய கட்டிடங்கள் தெரிந்திருக்கும். அகமதாபாத் சபர்மதி ஆசிரமத்தில் உள்ள காந்தி ஸ்மாரக் சங்கிராஹாலயா, போபாலின் பாரத் பவன், ஜெய்ப்பூரின் ஜவஹர் கலா கேந்திரா, மும்பையின் காஞ்சன்ஜங்கா அடுக்குமாடி, டெல்லி கன்னாட் பிளேஸில் கண்ணாடி மின்னும் எல்ஐசியின் ஜீவன் பாரதி, நம்ம ஊரில் சென்னை கிரீம்ஸ் சாலையின் எம்ஆர்எஃப் தலைமையகம். நவி மும்பை என்ற நகரமே அவரும் பொறியாளர் ஷிரிஷ் படேலும் கட்டிடக்கலைஞர் பிரவீணா மேத்தாவும் 1960-களில் முன்வைத்த யோசனையில் இருந்து வந்தது.

இவ்வளவும் இங்கே இருக்க, வரைபடங்கள் மட்டும் ஏன் லண்டனில்?

கொரியா மட்டுமா?

இல்லை. சுதந்திரத்துக்குப் பிந்தைய இந்திய நவீனக் கட்டிடக்கலையின் காகிதங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடினால், ஒரு உலக வரைபடமே தேவைப்படும்.

சண்டிகரை எடுத்துக்கொள்வோம். நகரத்தைத் திட்டமிட்ட லெ கார்பூசியேவின் வரைபடங்கள் பாரிஸில், அவர் பெயரிலான அறக்கட்டளையிடம் உள்ளன. அவர் இந்தியாவுக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். இங்கேயே தங்கி 1951 முதல் 1965 வரை வேலையை இழுத்துச் சென்றவர் அவருடைய உறவினர் பியர் ஜானரே. சண்டிகர் மீது அவருக்கு எவ்வளவு பிரியம் என்றால், இறந்த பிறகு அவருடைய அஸ்தி சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது. ஆனால் அவருடைய தனிப்பட்ட ஆவணத் தொகுப்பு கனடாவின் மான்ட்ரியல் நகரில் உள்ள கட்டிடக்கலை மையமான சிசிஏவுக்குப் போனது. அவருடைய சகோதரர் குடும்பத்து வாரிசு கொடுத்தது. சண்டிகரில் பணியாற்றிய இந்தியக் கட்டிடக்கலைஞர்களில் ஒருவரான ஆதித்ய பிரகாஷின் தொகுப்பும் அதே மையத்தில்தான் இருக்கிறது.

அகமதாபாத் ஐஐஎம்மின் கதை இன்னும் விசித்திரம். அதை வடிவமைத்த லூயி கான், 1974 மார்ச்சில் அகமதாபாத்தில் இருந்து திரும்பும் வழியில், நியூயார்க் ரயில் நிலையத்தில் மாரடைப்பால் இறந்தார். கையில் பெரிய கடன். கடனை அடைக்க அவருடைய வரைபடங்களைத் துண்டு துண்டாக ஏலம் விட்டிருந்தால், இன்று அவை உலகம் முழுக்கப் பணக்காரர்களின் வரவேற்பறைச் சுவர்களில் தொங்கிக்கொண்டிருக்கும். பென்சில்வேனியா மாநிலம் அரசுப் பணத்தில் மொத்தமாக வாங்கி, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் வைத்தது. ஒரு கட்டிடக்கலைஞரின் காகிதத்துக்கு ஒரு மாநில அரசு பணம் கொடுத்தது என்பதை இங்கே ஒரு நிமிஷம் யோசித்துப் பார்க்கலாம்.

அந்தக் காகிதக் கட்டில் என்னதான் இருக்கும்?

வரைபடம் என்றதும் கண்ணாடி போட்டு மாட்டக்கூடிய அழகான ஸ்கெட்ச்தான் நினைவுக்கு வரும். அது மிகச் சிறிய பங்கு. முதல் யோசனையைக் கிறுக்கிய தாள், வாடிக்கையாளருக்குக் காட்டிய படம், நகராட்சி அனுமதிக்கான பிளான், தளத்தில் மேஸ்திரி கையில் இருந்த ஒர்க்கிங் டிராயிங், கம்பி எங்கே எத்தனை மில்லிமீட்டரில் போக வேண்டும் என்ற ஸ்ட்ரக்சுரல் டிராயிங், ஒப்பந்ததாரருக்கு எழுதிய கடிதம், மாடல், புகைப்படம், பில் எல்லாம் சேர்ந்ததுதான் தொகுப்பு. இதில் பில்லும் கடிதமும்தான் பல நேரங்களில் உண்மையைச் சொல்லும். ஜன்னல் ஏன் சிறியதானது? காசு இல்லாததாலா, வெயிலுக்காகவா? டிராயிங்கில் பதில் இருக்காது, கடிதத்தில் இருக்கும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. கொரியா இந்தியாவில் வடிவமைத்த கட்டிடங்கள் கிட்டத்தட்ட நூறு என்பார்கள். 6,000 தாள்களை நூறால் வகுத்தால் ஒரு கட்டிடத்துக்கு 60 தாள். ஒரு சட்டமன்றக் கட்டிடத்துக்கோ 28 மாடிக் கட்டிடத்துக்கோ ஒர்க்கிங் டிராயிங் மட்டுமே நூற்றுக்கணக்கில் போகும். ஆக, 6,000 என்பது பெரிய எண்ணாகத் தெரிந்தாலும், ஒரு அலுவலகத்தின் ஐம்பது ஆண்டு உழைப்பில் அது ஒரு பகுதியாகவே இருக்க முடியும்.

வரைபடம் இருந்தால் என்ன புரியும் என்பதற்கு காஞ்சன்ஜங்கா நல்ல உதாரணம். மும்பை கம்பாலா ஹில் பகுதியில் 1983-ல் முடிந்த இந்தக் கட்டிடத்தில் 32 வீடுகள். வெளியே இருந்து படம் எடுத்தால், மூலைகளில் வெட்டி எடுத்தது போன்ற இரண்டு மாடி உயரத் தோட்ட மாடங்கள் தெரியும். அழகுக்காகச் செய்தது என்று தோன்றும். வெட்டுத்தோற்றப் படத்தைப் பார்த்தால்தான் கதையே புரியும். மும்பையில் காற்று மேற்கில் இருந்து வருகிறது, கடலும் மேற்கே. ஆனால் மாலை வெயிலும் பருவமழைச் சாரலும்கூட அங்கிருந்துதான். பழைய பங்களாக்களைச் சுற்றி ஓடிய தாழ்வாரம் இந்தப் பிரச்சனையைத் தீர்த்தது. அந்தத் தாழ்வாரத்தை வானத்தில் தொங்கவிட்டதுதான் இந்த மாடங்கள். 3 முதல் 6 படுக்கையறை வரையிலான வீடுகள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டு போல எப்படிப் பொருந்துகின்றன என்பதும் அந்த வெட்டுத்தோற்றத்தில்தான் தெரியும். எந்த டிரோன் ஷாட்டிலும் தெரியாது.

சபர்மதி சங்கிராஹாலயா வேறு ரகம். 6 மீட்டருக்கு 6 மீட்டர் என்ற ஒரே அலகைத் திரும்பத் திரும்ப அடுக்கி, செங்கல் தூண், ஓட்டுக் கூரை, மழைநீரை வடிக்கும் கான்கிரீட் உத்தரம் என்று கட்டியிருப்பார். ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, மரப்பலகைத் தடுப்புகள்தான். தேவைப்பட்டால் பின்னால் இன்னும் அலகுகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதே திட்டம். 1963-ல் நேரு திறந்துவைத்தார். காந்தியின் ஆயிரக்கணக்கான கடிதங்களைக் காப்பதற்காகக் கட்டப்பட்ட இடம் அது. ஒரு ஆவணக் காப்பகத்தைக் கட்டியவரின் ஆவணத்துக்கு நாட்டில் இடம் அமையவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் உறுத்தலாகவே இருக்கிறது.

சரி, இங்கேயே வைத்தால் என்ன?

வைக்கலாம். ஆனால் காகிதத்துக்கு நம்முடைய ஊர் வானிலை பிடிக்காது. 1950 முதல் 1990-கள் வரை இந்திய அலுவலகங்களில் மூலப் படம் டிரேசிங் ஷீட்டில் மையால் போடப்பட்டது. தப்பானால் பிளேடால் சுரண்டித் திருத்துவார்கள். தளத்துக்குப் போனது அதன் அம்மோனியா பிரின்ட். டிரேசிங் ஷீட் வயதாக ஆக மஞ்சளாகி, அப்பளம் மாதிரி நொறுங்கும். அம்மோனியா பிரின்ட் வெளிச்சம் பட்டால் மங்கும். சுருட்டி வைத்தால் விரிக்கும்போது கிழியும். மடித்து வைத்தால் மடிப்பில் கோடு போய்விடும். குளிரூட்டி, ஈரப்பதத்தைப் பாதியளவில் நிறுத்தி, அகலமான தட்டை இழுப்பறைகளில் படுக்க வைப்பதுதான் வழி. மும்பையிலும் சென்னையிலும் ஆண்டின் பெரும்பகுதி ஈரப்பதம் அதைவிட மிக அதிகம். அதற்கு மேல் கரையானும் ராமபாணப் பூச்சியும்.

ஏசியை 24 மணி நேரமும் ஓட்ட வேண்டும், ஆள் வேண்டும், பட்டியல் போட வேண்டும். ஒரு தனியார் அலுவலகம் இதை எத்தனை வருஷம் தாங்கும்? கட்டிடக்கலைஞர் ஓய்வு பெறும்போதோ, அலுவலக வாடகை ஏறும்போதோ, அடுத்த தலைமுறை வேறு தொழிலுக்குப் போகும்போதோ, சுருட்டி வைத்த கட்டுகள் பழைய பேப்பர் கடைக்குப் போவது நடக்கவே செய்யும்.

ரிபாவின் சேகரிப்பில் சுமார் 40 லட்சம் பொருட்கள் உள்ளன. பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியரான பல்லாடியோவின் வரைபடங்களின் மிகப்பெரிய தொகுப்பும் அங்கேதான். நானூறு வருஷத்துக் காகிதத்தைக் காத்தவர்களிடம் ஐம்பது வருஷத்துக் காகிதத்தைக் கொடுப்பது, கொடுப்பவரின் கோணத்தில் நியாயமான முடிவு. கொரியாவைக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்றால், பாரத் பவனைப் பற்றி ஆய்வு செய்ய நினைக்கும் போபால் மாணவர். மூலத் தாளைப் பார்க்க அவருக்கு பாஸ்போர்ட், விசா, டிக்கெட் எல்லாம் வேண்டும்.

சட்டம் தடுக்காதா?

தொல்பொருட்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், 1972 என்று ஒன்று இருக்கிறது. அதன்படி சிலை, நாணயம் போன்றவை 100 வயதைத் தாண்டினால்தான் தொல்பொருள். கையெழுத்துப் பிரதி, ஆவணம் போன்றவற்றுக்கு வரலாற்று அல்லது கலை மதிப்பு இருந்தால் 75 வயது போதும். அந்த வயதைத் தாண்டியதைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

இந்த 75-ஐ வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சண்டிகருக்காக 1951-ல் போட்ட கோட்டுக்கு 2026-ல்தான் 75 வயது. சபர்மதிக்காக கொரியா 1958-ல் வரையத் தொடங்கியவை 2033-ல்தான் அந்த வயதைத் தொடும். ராஜ் ரேவல் வடிவமைத்து டெல்லி பிரகதி மைதானில் 1972-ல் திறக்கப்பட்ட ஹால் ஆஃப் நேஷன்ஸின் வரைபடங்களுக்கு 2047. கொரியா தன் தொகுப்பைக் கொடுத்த 2013-ல், சபர்மதித் தாள்களுக்கே வயது 55. சட்டம் குறுக்கே வரவே இல்லை.

இதே சட்டத்தில் இன்னொரு வழி உண்டு. வயது எவ்வளவு ஆனாலும், மறைந்த ஒரு கலைஞரின் படைப்பைக் ‘கலைச் செல்வம்’ என்று மத்திய அரசு அறிவிக்கலாம். ரவி வர்மா, ரவீந்திரநாத் தாகூர், அம்ரிதா ஷெர்கில், ஜாமினி ராய் உட்பட ஒன்பது பேரின் ஓவியங்கள் இப்படி அறிவிக்கப்பட்டவை. அந்த ஒன்பதில் கட்டிடக்கலைஞர் ஒருவர்கூட இல்லை.

பொது ஆவணங்கள் சட்டம், 1993 என்பது மத்திய அரசு, யூனியன் பிரதேசங்கள், பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவற்றின் ஆவணங்களைப் பற்றியது. அரசு அலுவலகக் கோப்பில் உள்ள வரைபடத்தை விதியை மீறி அழித்தால் 5 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே கட்டிடத்தின் மூலப் படம் தனியார் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் இருந்தால்? இந்தச் சட்டம் அந்தக் கதவைத் தட்டாது.

பதிப்புரிமை தனி விஷயம். காகிதம் ஒருவரிடம் இருக்கலாம், அதில் உள்ள வடிவமைப்பின் உரிமை இன்னொருவரிடம் இருக்கலாம். இந்தியச் சட்டப்படி படைத்தவரின் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் அந்த உரிமை நீடிக்கும். கொரியா பெயரில் உள்ளவற்றுக்கு 2075 முடியும் வரை.

டிராயிங் இருந்தால் கட்டிடம் பிழைக்குமா?

இதுதான் முக்கியமான கேள்வி. பதில் அவ்வளவு சந்தோஷமானது இல்லை.

ஹால் ஆஃப் நேஷன்ஸ் 2017 ஏப்ரலில் ஒரே இரவில் இடிக்கப்பட்டது. சுதந்திரத்தின் வெள்ளி விழாவையொட்டி நடந்த ஆசியா 72 வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டியது அது. எஃகு கட்டுப்படியாகாத காலம். அதனால் பொறியாளர் மகேந்திர ராஜ், எஃகில் செய்ய வேண்டிய முப்பரிமாணச் சட்டகத்தைக் கான்கிரீட்டில், தளத்திலேயே கையால் வார்த்துக் காட்டினார். இடிப்புக்கு முன் டெல்லியின் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு சொன்னது: 60 வயதுக்கு மேற்பட்ட கட்டிடங்களைத்தான் பாரம்பரியமாகக் கருதுவோம். அந்தக் கட்டிடத்துக்கு அப்போது 45. ரேவலின் கைவசம் வரைபடம் இருந்தது, மாடல் இருந்தது. பாரிஸின் பாம்பிடு மையத்தில்கூட இந்தக் கட்டிடத்தின் மாடல் உண்டு. இடிக்கும் இயந்திரத்துக்கு முன் எதுவும் உதவவில்லை.

ரேவல் வழக்குப் போட்டார். படைத்தவரின் தார்மீக உரிமை பாதிக்கப்பட்டது, மீண்டும் கட்டித் தர வேண்டும் என்பது வாதம். 2005-ல் இதே டெல்லி உயர் நீதிமன்றம், விஞ்ஞான் பவனில் இருந்து பெயர்த்து எடுக்கப்பட்ட சுவர்ச் சிற்பத்துக்காக அமர் நாத் சேகலுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்திருந்தது. ஆனால் 2019-ல் ரேவலின் வழக்கு தள்ளுபடியானது. நிலத்தின் சொந்தக்காரருக்கு அதை இடிக்கும் உரிமை உண்டு. கட்டிடக்கலைஞர் அதைத் தடுக்க முடியாது என்றது நீதிமன்றம். வேடிக்கை என்னவென்றால், மூல வரைபடத்தின்படி ஒரு கட்டிடத்தைத் திரும்பக் கட்டினால் அது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று அதே பதிப்புரிமைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. கட்டலாம். கட்டச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. அவ்வளவுதான்.

அகமதாபாத் ஐஐஎம்மில் வேறு மாதிரி. லூயி கானின் 18 மாணவர் விடுதிகளில் 14-ஐ இடிக்கப் போவதாக 2020 டிசம்பரில் நிர்வாகம் அறிவித்தது. உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்ப, 2021 ஜனவரி 1 அன்று முடிவு திரும்பப் பெறப்பட்டது. 2022 நவம்பரில் சில பகுதிகளை மீண்டும் கட்டப் போவதாகப் புதிய அறிவிப்பு வந்தது. கட்டிடம் பாதுகாப்பாக இல்லை, செங்கல் தரமில்லை என்பது நிர்வாகத்தின் வாதம். பழுதுபார்ப்பதா, இடித்துக் கட்டுவதா என்ற இந்த வகைச் சண்டையில்தான் வரைபடத்துக்கு உண்மையான வேலை இருக்கிறது. எந்தச் சுவர் சுமை தாங்குகிறது, கம்பி எங்கே புதைந்திருக்கிறது என்பது தெரிந்தால் பொறியாளர் பழுதுபார்க்கும் வழியைக் கணக்கிட முடியும். தெரியாவிட்டால் தட்டியும் துளையிட்டும் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். ஊகம் அதிகமானால், ‘இடித்துவிடலாம்’ என்பதே பாதுகாப்பான ஆலோசனையாகத் தோன்றும்.

கொரியாவின் சொந்தக் கட்டிடத்திலேயே இது நடந்தது. பனாஜியில் மாண்டவி நதிக்கரையில் உள்ள கலா அகாடமி 1983-ல் முடிந்தது. உள்ளே அரங்கின் சுவர்களில் மரியோ மிராண்டா வரைந்த கோவா ரசிகர்கள் உட்கார்ந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 2019-ல் அதன் திறந்தவெளி அரங்கை இடிக்கும் பேச்சு எழுந்தது. பனாஜியில் இயங்கும் சார்ல்ஸ் கொரியா அறக்கட்டளை எதிர்த்தது. விவகாரம் மும்பை உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு வரை போனது. இடிப்பு நின்றது, புதுப்பிப்பு தொடங்கியது. அந்தப் பணி நடந்துகொண்டிருந்தபோதே, 2023 ஜூலையில் திறந்தவெளி மேடைக்கு மேலிருந்த கான்கிரீட் தளம் சரிந்து விழுந்தது. அதிகாலை நேரம் என்பதால் உயிர்ச்சேதம் இல்லை. அந்த ஆண்டு நவம்பரில் வளாகம் திறந்த பிறகு, ஒலியமைப்பு பழைய மாதிரி இல்லை என்று கலைஞர்கள் புகார் சொன்னார்கள். ஒரு அரங்கில் ஒலி எப்படிப் பரவ வேண்டும் என்று கூரையின் சாய்விலும் சுவரின் பொருளிலும் எழுதப்பட்டிருக்கும். அதை மாற்றுகிறவர், மூலத்தில் என்ன இருந்தது, ஏன் இருந்தது என்று வடிவமைத்தவரின் காகிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு மாற்றுவதே முறை.

எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணிவிட்டால்?

பெரிய உதவி, சந்தேகமே இல்லை. போபால் மாணவரின் விசா செலவு மிச்சம். சிசிஏ, ரிபா இரண்டும் தங்கள் சேகரிப்பில் ஒரு பகுதியை இணையத்தில் வைத்திருக்கின்றன. ஆனால் டிரேசிங் ஷீட்டின் சுரண்டல் தடம், பின்பக்கம் அடித்த வண்ணம், ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்த அடுக்குகளின் வரிசை போன்றவை ஸ்கேனில் தட்டையாகிவிடும். எந்த முடிவு முதலில், எது பின்னால் என்று அறிய அதுதான் துப்பு.

அடுத்த தலைமுறைக்கு வேறு சிக்கல் காத்திருக்கிறது. 1990-களில் அலுவலகங்கள் ஆட்டோகேடுக்கு மாறின. அந்த ஃபைல்கள் ஃபிளாப்பியில், பிறகு சிடியில், பிறகு யாரோ ஒருவரின் ஹார்ட் டிஸ்கில். 1960-ன் டிரேசிங் ஷீட்டை இன்றும் வெறும் கண்ணால் படிக்கலாம். 1995-ன் ஃபிளாப்பியைப் படிக்க முதலில் டிரைவ் தேட வேண்டும்.

இங்கேயே தங்கிய தொகுப்புகளும் உண்டு. 2018-ல் பிரிட்ஸ்கர் விருது பெற்ற பாலகிருஷ்ண தோஷியின் காகிதங்கள் அகமதாபாத்தில் அவர் தொடங்கிய வாஸ்துசில்பா அறக்கட்டளையின் பராமரிப்பில் உள்ளன. 2023 ஜனவரியில் அவர் மறைந்த பிறகும் அப்படியே. சண்டிகரில் பழைய கட்டிடக்கலைஞர் அலுவலகமே இன்று லெ கார்பூசியே மையமாக இயங்குகிறது. ஜானரே குடியிருந்த வீடு அருங்காட்சியகமாகிவிட்டது. அந்த நகரம் இந்தப் பாடத்தைக் கற்றது காகிதத்தால் இல்லை, நாற்காலியால். கழித்துக் கட்டப்பட்ட அலுவலக நாற்காலிகள் ஐரோப்பிய ஏலங்களில் லட்சக்கணக்கில் விலை போன பிறகுதான், 2011-ல் மத்திய உள்துறை அமைச்சகம் விற்பனையைத் தடுக்க உத்தரவிட்டது. அதன் பிறகு எண்ணியதில் பாரம்பரியப் பொருட்கள் 12,793 என்று கணக்கு வந்தது. வரைபடங்களுக்கு அப்படி நாடு தழுவிய ஒரு பட்டியலை யாரும் இன்னும் போடவில்லை.

என் ஃபிளாட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு இருக்கிறது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெரா, 2016-ன் 17-வது பிரிவு, கட்டிடத்தின் ஆவணங்களையும் பிளான்களையும் குடியிருப்போர் சங்கத்திடம் பில்டர் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. மாநிலச் சட்டம் வேறு மாதிரி சொல்லாத இடங்களில் இதற்கான கெடு, நிறைவுச் சான்றிதழ் கிடைத்ததில் இருந்து 30 நாட்கள். கேட்கும்போது நகராட்சி அனுமதித்த பிளானோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். ஸ்ட்ரக்சுரல் டிராயிங், பிளம்பிங், மின் இணைப்புப் படங்கள், முக்கியமாக, உண்மையில் கட்டியபடி திருத்தப்பட்ட ‘அஸ்-பில்ட்’ படங்கள் ஆகியவற்றைக் கேளுங்கள். பிடிஎஃப் ஒரு பிரதி, கேட் ஃபைல் ஒரு பிரதி, காகிதத்தில் ஒரு பிரதி. இருபது வருஷம் கழித்து பாத்ரூம் கசிவுக்காக எந்தச் சுவரை உடைப்பது என்று சங்கக் கூட்டத்தில் சண்டை வரும்போது, அந்தக் கட்டு சங்க அலுவலக அலமாரியில் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.